மாலோ மைனர்களும் மதுரை மீனாட்சியும்: ஒரு ஃபிடில் மெட்டைப் பிடித்து அதன் பின்னாலேயே போவது எப்படி?

பாட்டு வகுப்புக்குப் போனவர்கள் ‘வந்தே மீனாக்ஷி’யைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். சரளி, ஜண்டை என்று பிள்ளைகள் சலித்துப் போயிருக்கும் நேரத்தில் டீச்சர் எடுத்துவிடுகிற நோட்டு ஸ்வரங்களில் அது ஒன்று. துள்ளலாக இருக்கும், கமகம் என்கிற ஸ்வர அசைவு கிடையாது, இரண்டே நாளில் வாய்க்குள் வந்துவிடும். அதே மெட்டு அயர்லாந்தில், கார்க் மாவட்டத்துப் பப்களில் ஃபிடிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் ‘தி ரேக்ஸ் ஆஃப் மாலோ’. ரேக் என்றால் குடி, சூது, கூத்து என்று அப்பன் சொத்தை அழிக்கிற பெரிய வீட்டுப் பிள்ளை. நம் ஊர் பழைய பேச்சில் அப்படிப்பட்டவனுக்கு மைனர் என்று பெயர். ஆக, ‘மாலோ ஊர் மைனர்கள்’.

ஃபிடில் மெட்டுகள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் திணறுவதெல்லாம் ஒரே இடத்தில்தான். ஒரே பெயரில் நாலு மெட்டு இருக்கும், ஒரே மெட்டுக்கு நாலு பெயர் இருக்கும். எது சரி, எதைக் கற்றுக்கொள்வது என்று தெரியாமல் பாதியில் விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில், நூறு மெட்டைக் கேட்பதை விட ஒரே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு அது போன வழியெல்லாம் போய்ப் பார்ப்பதுதான் லாபம். தமிழ் தெரிந்தவர்களுக்கு அதற்கு இந்த மெட்டை விட வசதியானது கிடைக்காது, பாதி ஏற்கெனவே வாயில் இருக்கிறது. வயலின் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் கீபோர்டோ, புல்லாங்குழலோ, வெறும் குரலோ போதும்.

முதல் வேலை: எலும்பை மட்டும் பாடுங்கள்

எந்த ஃபிடில் மெட்டுக்கும் அடியில் ஒரு எலும்புக்கூடு உண்டு. சதை ஆளுக்கு ஆள் மாறும், எலும்பு மாறாது. இந்த மெட்டின் எலும்பு முதல் இரண்டு வரியிலேயே இருக்கிறது. சங்கராபரண ஸ்வரங்களில் பாடிப் பாருங்கள்:

ச க | ச க | ச க | மகரிச
நி ரி | நி ரி | நி ரி | கரிசநி

இரண்டாம் வரியில் வருவது கீழ் நி. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தட்டு. முதல் மூன்று தட்டில் இரண்டிரண்டு ஸ்வரம், நாலாவது தட்டில் நாலு ஸ்வரம் வேகமாக இறங்கும். முதல் வரியில் செய்ததையே ஒரு படி கீழே இறக்கி இரண்டாம் வரியில் செய்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். மூன்றாம் வரி மறுபடி ச க, ச க, ச க என்று தொடங்கி இந்த முறை கீழே இறங்காமல் ப-வுக்குத் தாவும். நாலாம் வரி சுற்றி வந்து ச-வில் உட்காரும். அந்த நாலாம் வரியை மட்டும் இப்போதைக்கு உறுதி செய்துகொள்ளாதீர்கள். ஆளாளுக்கு மாறுவது அங்கேதான்.

நாலு வரிக்கும் சேர்த்துப் பதினாறு தட்டு. ஆதி தாளத்தில் போட்டால் இரண்டு ஆவர்த்தனம் சரியாக வரும். இதை மேல்நாட்டுக்காரர்கள் ‘ஏ பாகம்’ என்பார்கள். பிறகு ‘பி பாகம்’, மேல் ஸ்தாயியில் தொடங்கி இறங்கி வருவது. நம் அனுபல்லவி, சரணம் மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ இரண்டு தடவை, பி இரண்டு தடவை, பிறகு மறுபடி முதலிலிருந்து. ஐரிஷ், ஸ்காட்டிஷ் நடன மெட்டுகளில் பெரும்பாலானவை இந்த வீட்டில்தான் குடியிருக்கின்றன. இந்த ஒரு கட்டமைப்பு மனதில் பதிந்தால் அடுத்த மெட்டு பாதி நேரத்தில் வந்துவிடும்.

கையில் வாத்தியத்தை எடுக்காமல் இரண்டு நாள் வாயாலேயே பாடுங்கள். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. வாயில் வராதது விரலில் வராது.

இரண்டாவது: நோட்டுப் புத்தகத்தில் உள்ள கண்ணி

இணையத்தில் இந்த மெட்டைத் தேடினால் ஐந்து கோட்டு நொட்டேஷனிலோ, ஆங்கில எழுத்துகளாகவோ கிடைக்கும். எழுத்தில் எழுதுவதற்கு ‘ஏபிசி’ என்றே பெயர். பெரும்பாலும் ஜி மேஜரில் இருக்கும். அப்போது ஜி-தான் நம் ச. ஏ ரி, பி க, சி ம, டி ப, ஈ த. நி மட்டும் எஃப் ஷார்ப்.

அந்த ‘ஷார்ப்’ எழுத்தோடு ஒட்டியிருக்காது. மெட்டின் தலையில் ‘கீ: ஜி’ என்று ஒரு தடவை போட்டுவிட்டு, உள்ளே வெறும் எஃப் என்றுதான் எழுதுவார்கள். அதைக் கவனிக்காமல் வெறும் எஃப்பை வாசித்தால் நி அரைப் படி இறங்கி, காகலி நிஷாதம் கைசிகி நிஷாதமாகி, சங்கராபரணம் ஹரிகாம்போஜியாகிவிடும். இரண்டாம் வரி முழுக்க நி-யில்தான் நிற்கிறது என்பதால் உடனே காதில் குத்தும். ‘ஏதோ சரியில்லையே, ஆனால் எழுதியிருக்கிறபடிதான் வாசிக்கிறேன்’ என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

ஜி என்பது நம் சுருதிக் கணக்கில் ஐந்து கட்டை. உங்கள் வயலின் ஐந்து கட்டையில் இல்லாவிட்டால் பதிவோடு சேர்ந்து வாசிக்க ஒட்டாது. இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வயலின் இரண்டு கட்டை. பதிவோடு சேர வேண்டும் என்ற அவசரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகித் திருகி ஐந்துக்கு ஏற்றப் பார்த்தேன். நாலு கட்டை தாண்டும்போதே தந்தி முனகியது. அடுத்த திருகில் படீர். கன்னத்தில் ஒரு கோடு, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தந்தியை ஏற்றாதீர்கள், பதிவை இறக்குங்கள். ஸ்வரத்தை ஏற்றி இறக்கிக் கேட்க உதவும் இலவசச் செயலிகள் ஏராளம். வேகத்தைக் குறைக்க யூடியூபிலேயே 0.75, 0.5 என்று இருக்கிறது. பொறுமைசாலிகளுக்கு 0.5.

மூன்றாவது: ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெட்டின் ஊர் தெரிந்தால் அதன் நடை தானாகப் புரியும். மாலோ என்பது தென் அயர்லாந்தில், கார்க் நகருக்கு வடக்கே, பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் இருக்கிற சிறிய ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்த வெதுவெதுப்பான ஊற்று நீருக்கு ஏகப்பட்ட பெயர். உடம்புக்கு நல்லது என்று பணக்காரர்கள் சீசனுக்குச் சீசன் வந்து தங்கினார்கள். நம் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் உடம்புக்காகவா போகிறார்கள்? அங்கேயும் அப்படித்தான். காலையில் ஊற்றுத் தண்ணீர், ராத்திரியில் வேறு தண்ணீர், சீட்டாட்டம், நடனம். இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பாட்டு. குடிப்பார்கள், ஆடுவார்கள், ஜன்னல் கண்ணாடியை உடைப்பார்கள், கடன் வாங்குவார்கள். கடைசியில் திருந்திக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, வீட்டில் நாளெல்லாம் சண்டை போட்டு, ‘மாலோவிலேயே இருந்திருக்கலாமே’ என்று ஏங்குவதோடு பாட்டு முடிகிறது.

மெட்டு அச்சில் வந்தது 1740-களில். லண்டனில் பர்க் துமாத் என்பவர் வெளியிட்ட ஐரிஷ் மெட்டுத் தொகுப்பில் அது இருக்கிறது. புதியவர்கள் இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய அச்சுப் பிரதி கிடைத்துவிட்டால் ‘அசல்’ கிடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. லண்டன் பதிப்பாளர்கள் அப்போது ஏற்கெனவே ஊரில் ஆடிக்கொண்டிருந்த மெட்டுகளைத்தான் பிடித்து அச்சடித்து விற்றார்கள். புகைப்படம் எடுத்த நாளை ஒருவரின் பிறந்த நாள் என்று சொல்ல முடியுமா? அது போலத்தான். அச்சுப் பிரதியை ‘இந்த ஆண்டில் இப்படியும் வாசித்தார்கள்’ என்பதற்குச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: வேறுபாடுகளைக் கேட்கப் பழகுங்கள்

இதற்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பதிவைக் கேட்கும்போதும் நாலு விஷயத்தை மட்டும் குறியுங்கள்: என்ன பெயரில் வாசிக்கிறார்கள், எந்த சுருதி, எந்த நடை, நாலாம் வரியை எப்படி முடிக்கிறார்கள்.

நடைதான் பெரிய வித்தியாசம். கார்க், கெர்ரி மாவட்டங்கள் சந்திக்கிற ‘ஷ்லீவ் லூக்ரா’ வட்டாரம் போல்கா என்கிற இரண்டு தட்டு நடனத்துக்குப் பெயர் போனது. போல்காவாக வாசிக்கும்போது தட்டு நம் காலை மிதிக்கிற மாதிரி விழும், அதுவும் தட்டுக்கு நடுவில் வில் ஒரு இடி இடிக்கும். ‘ச க’ என்பதில் ச-வில் அழுத்தம் என்று நாம் நினைப்போம், அவர்கள் பல இடங்களில் க-வைத் தள்ளுவார்கள். இதே மெட்டை ரீல் என்கிற வேக நடனம் போல ஓட்டமாக வாசித்தால் அந்த இடி மறைந்து வழவழவென்று போகும். பட்டாளத்துச் சின்னக் குழலும் முரசுமாக வாசித்தால் அணிவகுப்பு. ஸ்வரம் ஒன்றுதான், ஆடுகிற கால்தான் வேறு. தவிலில் ஒரே சொற்கட்டை நடை மாற்றி வாசிக்கும்போது வேறு ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருக்குமே, அதுதான் இது.

ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்க ஆசைப்பட்டால் அமெரிக்காவின் லிராய் ஆண்டர்சன் 1947-ல் எழுதிய ‘ஐரிஷ் சூட்’ இருக்கிறது. அதில் ஒரு பகுதியே இந்த மெட்டுதான். ஜான் ஃபோர்டின் 1952 படமான ‘தி குவையட் மேன்’ பார்த்தவர்களுக்கு இது பின்னணியில் துள்ளிக்கொண்டு போவது நினைவிருக்கும். என் ரசனைக்கு இரண்டும் கொஞ்சம் அதிகமாகச் சீவிச் சிங்காரித்த மாதிரி இருக்கும். ஆனால் புதியவர்களுக்கு எலும்பு தெளிவாகக் கேட்கும் என்பதால் இங்கிருந்து தொடங்குவதில் தப்பில்லை. பப்பில் எட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கும் பதிவில் முதல் நாள் ஒன்றும் பிடிபடாது.

பெயர் விஷயத்தில் ஜாக்கிரதை. பள்ளிக்கூடப் பாட்டுப் புத்தகங்களில் ‘தி கால்வே பைப்பர்’ என்று ஒரு பாட்டு வரும். டிம் என்கிற பைப் வாசிப்பவரின் புகழ் பாடுவது, மெட்டு இதுதான். கால்வே வேறு மாவட்டம், மாலோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மெட்டு போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் ஹெடிங்டன் குவாரி என்ற ஊரில் மோரிஸ் நடனக்காரர்கள் ‘ரிக்ஸ் ஆஃப் மார்லோ’ என்று ஒன்று ஆடுவார்கள். பெயரைக் கேட்டாலே உறவு தெரிகிறது, ரேக்ஸ் ரிக்ஸாகவும் மாலோ மார்லோவாகவும் தேய்ந்திருக்கிறது. ஆனால் பெயரை நம்பி மெட்டும் அதுதான் என்று முடிவுகட்டாதீர்கள். ‘ச க ச க’, ஒரு படி கீழே ‘நி ரி நி ரி’ இரண்டும் கேட்கிறதா என்று உங்கள் காதை வைத்துத் தீர்மானியுங்கள். எலும்பை முதலில் பாடச் சொன்னது இதற்குத்தான்.

ஐந்தாவது: கோட்டைக்குள் போய் வாருங்கள்

இப்போது நம் வீட்டுப் பக்கம். திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சில காலம் இருந்தது. மணலி என்றால் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும், அன்று அது சங்கீதத்துக்குச் சோறு போட்ட ஊர். முதலியார்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு இருந்ததால் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினே கற்றுக்கொண்டு, அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு இழுத்து வந்த முன்னோடிகளில் ஒருவரானார். ஃபிடில் என்று நம் கச்சேரி மேடையில் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் கூட அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

அண்ணன் செய்தது வேறு. கேட்ட மெட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு சாமி பாட்டு எழுதினார். ‘நோட்’ என்பதோடு ஸ்வரம் சேர்ந்து ‘நோட்டு ஸ்வரம்’ ஆயிற்று. ஏறக்குறைய 40 பாடல்கள், எல்லாமே சங்கராபரணம். இங்கிலாந்து ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டு ‘ஸந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. மாலோ மைனர்கள் மெட்டு மதுரை மீனாட்சிக்குப் போயிற்று. சுப்பராம தீட்சிதர் 1905-ல் வெளியிட்ட ‘ப்ரதமாப்யாஸ புஸ்தகமு’ என்ற தெலுங்குப் பயிற்சி நூலில் நோட்டு ஸ்வரங்கள் இடம்பெற்றன. ஆரம்பப் பாடமாக அவை நிலைத்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பங்கு உண்டு.

இதில் எனக்குப் பிடித்த இடத்தைக் காட்டுகிறேன், கொஞ்சம் கிட்டே வாருங்கள். மெட்டையும் சாகித்தியத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

ச க | ச க | ச க | ம க ரி ச
வந் தே | மீ னா | க்ஷி த்வாம் | ஸ ர ஸி ஜ

நி ரி | நி ரி | நி ரி | க ரி ச நி
வக் த்ரே | பர் ணே | துர் கே | ந த ஸு ர

பார்த்தீர்களா? மெட்டு நிதானமாகப் போகும் இடத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நெடிலோ, ஒற்றோடு கூடிய கனத்த எழுத்தோ. ‘க்ஷி’ மட்டும் குறில்தானே என்று கேட்டால், அடுத்து வரும் ‘த்வாம்’ கூட்டெழுத்தில் தொடங்குவதால் வடமொழிக் கணக்கில் அதுவும் கனத்துவிடுகிறது. மெட்டு படபடவென்று இறங்கும் இடத்தில் ‘ஸரஸிஜ’, ‘நதஸுர’ என்று நாலு நாலு குறில், ஒற்றே கிடையாது. எட்டுத் தட்டிலும் ஒரு இடம் பிசகவில்லை. யாப்பு தெரிந்தவர் ஒருவர் அயல்நாட்டு நடன மெட்டைக் காதால் அளந்து எழுத்தால் நிரப்பியிருக்கிறார். புதியவர்களுக்கு இதனால் என்ன பயன் என்றால், வேகம் மாறும் இடத்தை எண்ணவே வேண்டாம். சாகித்தியத்தை மனதில் சொல்லிக்கொண்டே வாசித்தால் வில் தானாகச் சரியான அளவில் போகும். ஐரிஷ் பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போது கூட நான் உள்ளுக்குள் ‘வந்தே மீனாக்ஷி’தான் சொல்வேன்.

நம் பதிப்பும் ஒரு வேறுபாடுதான், அவர்கள் போல்கா எப்படியோ அப்படி. உங்கள் நோட்டில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். நடை: நிதானம். அழுத்தம்: எல்லாத் தட்டிலும் சமம். ஆடுவதற்கு அல்ல, பாடுவதற்கு.

ஆறாவது: விரலும் வில்லும்

இங்கேதான் வாத்தியம் கையில் வர வேண்டும். நம் வயலின் சுருதி ச ப ச ப. ஐரிஷ் ஃபிடில் ஜி, டி, ஏ, ஈ. இந்த வித்தியாசம் இந்த மெட்டில் விநோதமாக வேலை செய்கிறது.

நம் வயலினில் நடு ச-வைத் திறந்த தந்தியாக வைத்துத் தொடங்கினால், முதல் வரியின் ‘ச க ச க’ முழுவதும் ஒரே தந்தியில் நடக்கும். இரண்டாம் விரலை வைப்பதும் எடுப்பதும்தான் வேலை. இரண்டாம் வரிக்கு வந்ததும் கதை மாறும். கீழ் நி பக்கத்துப் பஞ்சமத் தந்தியில் இரண்டாம் விரல், ரி ஷட்ஜத் தந்தியில் முதல் விரல். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வில் தந்தி தாண்ட வேண்டும். அதனால்தான் எல்லோருக்கும் முதல் வரி சுகமாகவும் இரண்டாம் வரி தடுமாற்றமாகவும் இருக்கிறது, உங்கள் தப்பில்லை.

ஐரிஷ்காரருக்கோ, ஜி மேஜரில் ச என்பது டி தந்தியில் மூன்றாம் விரல், க என்பது ஏ தந்தியில் முதல் விரல். முதல் ஸ்வரத்திலிருந்தே தந்தி தாண்டித் தாண்டித்தான் வாசிக்கிறார். இரண்டாம் வரியிலும் அதே ஆட்டம். அந்த மெட்டில் கேட்கிற குலுக்கல் பாதி அவருடைய மணிக்கட்டிலிருந்து வருகிறது. நம் முதல் வரி தட்டையாகக் கேட்டால் காரணம் ஸ்வரம் அல்ல, மணிக்கட்டுக்கு வேலையே கொடுக்காததுதான். அந்தக் குலுக்கல் வேண்டுமென்றால் ‘ச க’ ஜோடியில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வில் போடுங்கள், வில்லின் நடுப்பகுதியில், நாலு விரல் நீளத்துக்கு மேல் போகாமல். முழு வில் இழுத்தால் போல்கா செத்துவிடும்.

பயிற்சிக்கு இப்படிச் செய்யுங்கள். மெட்ரோனோமில் 60. இரண்டாம் வரியின் ‘நி ரி’ ஜோடியை மட்டும் எட்டுத் தடவை. பிறகு ‘கரிசநி’ இறக்கத்தை மட்டும் எட்டுத் தடவை. இந்த இறக்கத்தின் கடைசி நி-யில்தான் தந்தி மாறும், அங்கே வில் திக்கும். பிறகு இரண்டையும் ஒட்டுங்கள். 60-ல் திக்காமல் ஐந்து தடவை வந்தால் 66. ஒரு வாரத்தில் 90 வந்தால் பெரிய விஷயம். நடனத்துக்கான வேகம் அதற்கு மேலே இருக்கிறது, அவசரமே வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் பழகிய கைக்கு ஒரு தனித் தொல்லை உண்டு: க-வையும் நி-யையும் கண்டால் விரல் ஆட ஆரம்பித்துவிடும். எங்கள் வாத்தியார் நோட்டு ஸ்வரம் எடுக்கும்போதெல்லாம் என் இடது கையை ஒரு பென்சிலால் தட்டுவார். ‘ஆட்டாதடா, அது நோட்டு.’ ஸ்வரத்தில் நேராக நில்லுங்கள். ஐரிஷ்காரர்கள் அலங்காரமே செய்வதில்லை என்று இல்லை. மேல் விரலால் ஒரு சொடுக்கு சொடுக்கி எடுப்பதை ‘கட்’ என்பார்கள். ஸ்வரத்தை மேலும் கீழும் சுற்றி வருவதை ‘ரோல்’ என்பார்கள். அது அசைவு அல்ல, வெட்டு. நம் கமகத்தில் ஸ்வரம் கரையும், அவர்கள் கட்டில் ஸ்வரம் நறுக்கென்று பிரியும். எலும்பு கைக்கு வருவதற்கு முன்னால் இதில் இறங்காதீர்கள். வந்த பிறகு முதல் கட்டை மூன்றாம் வரியின் ப-வில் வைத்துப் பாருங்கள், அங்கே பொருந்தும்.

ஏழாவது: பழைய தொகுப்புகளில் துழாவுவது

இதற்குள் நாலைந்து பதிவுகள் நோட்டில் ஏறியிருக்கும். இனி புத்தகம். ஐரிஷ் மெட்டு தேடுகிற யாரும் கடைசியில் வந்து நிற்பது ஃபிரான்சிஸ் ஓ’நீலிடம். கார்க் மாவட்டத்தில் பிறந்து, கப்பலேறி அமெரிக்கா போய், 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரப் போலீஸின் தலைவராக இருந்தவர். 1903-ல் அவர் வெளியிட்ட ‘மியூசிக் ஆஃப் அயர்லாந்து’ தொகுப்பில் 1,850 மெட்டுகள், 1907-ல் வந்த அடுத்த தொகுப்பில் 1,001. போலீஸ்காரர் மெட்டு சேர்த்தார் என்றால் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஒரு துப்பையும் விடாமல் பிடித்திருக்கிறார். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. டப்ளினில் 1987-ல் தொடங்கிய ஐரிஷ் மரபு இசை ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்திலும் பழைய பதிவுகளைக் கேட்கலாம்.

இரண்டு அச்சுப் பிரதிகளை ஒப்பிடும்போது முதல் மூன்று வரியில் நேரத்தை வீணாக்காதீர்கள், ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். நேராக நாலாம் வரிக்குப் போங்கள். அடுத்து பி பாகத்தின் கடைசி வரி. இந்த இரண்டு இடத்தின் ஸ்வரங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால், எந்தப் பதிப்பு எதற்குச் சொந்தம் என்று ஜாடை தெரிய ஆரம்பிக்கும். இரண்டில் எது சரி என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஃபிடில்காரர்கள் சிரிப்பார்கள், அல்லது ‘எங்க ஊர்ல இப்படி’ என்பார்கள். அதுதான் பதில்.

எட்டாவது: நாலு பேரோடு வாசிப்பது

தனியாக வாசித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சலிக்கும். நம் ஊரில் ஐரிஷ் ஃபிடில் கூட்டத்துக்கு எங்கே போவது? எனக்கும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கிட்டார் பழகும் கல்லூரிப் பையன் கிடைத்தான். அவனுக்கு ஜி, டி என்று இரண்டு கார்டு சொன்னால் போதும்: முதல் வரிக்கு ஜி, இரண்டாம் வரிக்கு டி, மூன்றாம் வரிக்கு ஜி, நாலாம் வரியில் டி தொட்டு ஜி-யில் முடிவு. உங்கள் வயலின் வேறு கட்டையில் இருந்தால் அவன் கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கேப்போவைப் போட்டுச் சரிசெய்துகொள்வான்.

கூட்டத்தில் வாசிக்கும் முறை இது: ஏ இரண்டு, பி இரண்டு, இதை மொத்தமாக மூன்று சுற்று, நிறுத்தாமல் அடுத்த மெட்டு. முதல் சுற்றில் எலும்பு மட்டும். இரண்டாவதில் நாலாம் வரியை உங்கள் நோட்டில் இருக்கிற வேறொரு பதிப்புக்கு மாற்றுங்கள். மூன்றாவதில் நாங்கள் வேகத்தைப் பாதியாக்கி, போல்கா இடியை எடுத்துவிட்டு, சாகித்தியம் பாடுகிறோம். பையனுக்கு வாயில் ‘ஸரஸிஜ வக்த்ரே’ நுழைய ஒரு மாதம் பிடித்தது. போன நவராத்திரிக்கு மாடி வீட்டுக் கொலுவில் வாசித்தோம். மூன்றாம் சுற்று வரை ஏதோ சினிமா மியூசிக் என்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமி, ‘வந்தே’ என்றதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்தார், அதுவும் நாலாம் வரியை நான் இதுவரை நோட்டில் எழுதாத ஒரு மாதிரி முடித்து. அதை எழுதிக்கொண்டேன்.